பக்கத்து வீட்டுக்காரர் ஏன் குறைவாகக் கட்டுகிறார்?

சொத்து வரியை வருஷக்கணக்கில் ஏற்றாமல் வைத்திருப்பதும் ஒரு வகை அநியாயம்தான் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டியவர்களிலும் சிலர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க வீட்டு வரிதான், சினிமா கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே அளவு வீடு. நான் கட்டுவதில் பாதிகூடப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதில்லை. கேட்டால் "நான் பழைய ஆள்" என்கிறார். பழைய ஆளுக்குத் தனி வரியா?

சில இடங்களில் ஆமாம், சட்டப்படியே தனி வரி. கலிபோர்னியாவில் 1978 ஜூனில் 'பிராபோசிஷன் 13' என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வரி, சொத்து மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறினால் மட்டும் அன்றைய சந்தை விலைக்குப் புதிதாக மதிப்பிடலாம். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். அப்போது வீட்டு விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது, வருமானம் அப்படியே இருக்க வரி மட்டும் எகிறியது, ஜனங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான்.

பத்து வருஷம் கழித்து, 1988ல், ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் என்ற பெண் லாஸ் ஏஞ்சல்ஸில் 1,70,000 டாலருக்கு ஒரு சின்ன வீடு வாங்கினார். அதுவரை வாடகைக்கு இருந்தவர். வரி நோட்டீஸ் வந்தது: 1,701 டாலர். அதே பகுதியில் அதே மாதிரி வீட்டில் 1975க்கு முன்பிருந்தே இருந்தவர்களில் சிலர் கட்டியது 358 டாலர். இதைவிட வேடிக்கை என்னவென்றால், மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் பெறும் மாளிகை வைத்திருந்த ஒரு பழைய உரிமையாளரும், இந்தச் சின்ன வீட்டுக்காரியும் கட்டிய வரிக்கு இடையே சில டாலர்தான் வித்தியாசம்! வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். பழைய குடியிருப்பாளர் திடீரென்று விரட்டப்படாமல் காப்பது அரசுக்கு நியாயமான நோக்கம்தான், வாங்கும்போதே என்ன வரி வரும் என்று புதியவருக்குத் தெரியும் அல்லவா என்றது நீதிமன்றம். எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி ஸ்டீவன்ஸ்.

எனக்கு அந்த ஒருவர் எழுதியதுதான் சரி என்று படுகிறது. ஒரே குப்பை வண்டி, ஒரே தெருவிளக்கு, ஒரே தீயணைப்பு நிலையம். அப்படியிருக்க, எந்த வருஷம் பத்திரம் பதிந்தாய் என்று பார்த்து வரி போடுவது குடிமக்களுக்குள் சீனியர் ஜூனியர் பிரிப்பது மாதிரிதான்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு சட்டம் இல்லையென்றால், வித்தியாசத்துக்குக் காரணம் வேறாக இருக்கும்: அவர் வீடு பழைய அளவிலேயே பதிவாகியிருக்கலாம், மாடி எடுத்தது கணக்கில் ஏறாமல் இருக்கலாம், அல்லது உங்கள் வீட்டைத் தப்பாக அளந்திருக்கலாம். முதலில் உங்கள் தாளைப் பாருங்கள், அப்புறம் அவர் தாளைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: வரி ஏறாவிட்டால் ஜனங்களுக்கு நல்லதுதானே? அதை அநியாயம் என்கிறீர்களே, நீங்கள் யார் பக்கம்?

வரி ஏறாமல் இருப்பதற்கும், வீட்டின் மதிப்பைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது ஐயா. கடிதம் எழுதிய பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஊரில் எல்லா வீட்டு விலையும் ஒரே மாதிரி ஏறினால், பழைய மதிப்பை வைத்திருப்பதில் பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை. ஆனால் எந்த ஊரிலும் அப்படி ஏறுவதில்லையே. ஒரு பக்கம் பத்து மடங்கு ஏறுகிறது, இன்னொரு பக்கம் இரண்டு மடங்கோடு நிற்கிறது. இரண்டு பக்கமும் பழைய மதிப்புக்கே வரி கட்டினால், விலை ஏறாத பக்கத்துக்காரன் தன் சொத்தோடு ஒப்பிட்டால் அதிகமாகக் கட்டுகிறான். அவன்தான் பெரும்பாலும் வசதி குறைந்தவன்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே கவுன்சில் டாக்ஸ் என்கிற வீட்டு வரி 1993ல் வந்தது. எல்லா வீட்டையும் 1991 ஏப்ரல் 1ஆம் தேதி விலைப்படி ஏ முதல் ஹெச் வரை எட்டுப் படிகளில் வைத்தார்கள். அவசரம் அவசரமாகச் செய்தது. மதிப்பீட்டாளர்கள் பல வீடுகளுக்கு உள்ளே போகவே இல்லை, காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். 'செகண்ட் கியர் மதிப்பீடு' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. சரி, அவசரத்தில் போட்டது, அப்புறம் திருத்துவார்கள் என்று பார்த்தால், இங்கிலாந்தில் இன்றுவரை அந்த 1991 மதிப்புதான். வேல்ஸ் மட்டும் ஒருமுறை திருத்திக்கொண்டது, 2005லிருந்து அங்கே புதுக் கணக்கு. இங்கிலாந்தில் போன மாதம் கட்டி முடித்த வீட்டைக்கூட, "இது 1991ல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்" என்று கற்பனை செய்து படியில் உட்கார வைக்கிறார்கள். அதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். மேல்படியான ஹெச், அன்றைய விலையில் 3,20,000 பவுண்டுக்கு மேல். அதற்கு மேல் எத்தனை கோடியானாலும் அதே படி, அதே வரி, ஆகக் கீழே இருக்கும் ஏ படியைப் போல மூன்று மடங்குதான்.

ஏன் திருத்தவில்லை? பயம். அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1985ல் பழைய வீட்டு வரிக்காக மறுமதிப்பீடு செய்தார்கள், பலருக்கு வரி எகிறிக் கொந்தளிப்பு ஆனது. இந்த வரியே வேண்டாம், தலைக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாம் என்று மார்கரெட் தாட்சர் அரசு கிளம்பியது. மாளிகையில் இருக்கிற பிரபுவுக்கும் அவர் தோட்டக்காரனுக்கும் ஒரே தொகை! ஸ்காட்லாந்தில் 1989ல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990ல் அமலுக்கு வந்தது. 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் கலவரம், அந்த நவம்பரில் தாட்சர் பதவி விலகல். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்த வரி இல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அங்கே எந்தக் கட்சிக்கும் மறுமதிப்பீடு என்றாலே கை நடுங்குகிறது. நான் யார் பக்கம் என்று கேட்டீர்கள். விலை ஏறாத தெருவின் பக்கம்.

கேள்வி: இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றுகிறார்களே, இதற்குப் பெயர் என்ன சார்?

சோம்பேறித்தனம். அதற்கான அபராதத்தை உங்களிடம் வசூலிக்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

ஜெர்மனியில் இது உச்சத்துக்குப் போனது. மேற்கே 1964ஆம் வருஷத்து மதிப்பு, கிழக்கே இருந்த மாநிலங்களில் 1935ஆம் வருஷத்து மதிப்பு. ஆமாம், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கணக்கு. 2018 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் இது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லி, கெடு வைத்துத் திருத்தச் சொன்னது. மூன்றரைக் கோடிக்கும் மேலான சொத்துகளைப் புதிதாக மதிப்பிட்டு 2025 ஜனவரியிலிருந்து புது வரி அமலுக்கு வந்தது. சிலருக்கு ஏறியது, சிலருக்கு இறங்கியது. இறங்கியவர் யாரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதமாட்டார் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மதிப்பு ஏறினால் வரி ஏறித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எல்லாருடைய மதிப்பும் இரண்டு மடங்கானால் விகிதத்தைப் பாதியாக்கிவிடலாம், மொத்த வசூல் அதேதான். செய்வார்களா? தானாகச் செய்யமாட்டார்கள், மறுமதிப்பீடு என்ற சாக்கில் சத்தமில்லாமல் வசூலைக் கூட்டிக்கொள்ளத்தான் எந்த நிர்வாகத்துக்கும் ஆசை வரும். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1985லேயே இதற்கு ஒரு பூட்டுப் போட்டது. மதிப்பு ஏறினால், போன வருஷ வசூலையே தரும் அளவுக்கு விகிதம் தானாக இறங்கிவிடும். அதற்கு மேல் ஒரு காசு வேண்டுமென்றாலும், "இவ்வளவு கூடுதலாக வசூலிக்கப் போகிறோம்" என்று அறிவிப்புப் போட்டு, கூட்டம் கூட்டி, ஜனங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் எடுக்கலாம். போராட்டம் நடத்துகிறவர்கள் "வரியை ரத்து செய்" என்பதற்குப் பதில் இதைக் கேட்டால் எவ்வளவோ மேல். பதாகையில் எழுதக் கொஞ்சம் நீளமாக இருக்கும், அது வேறு விஷயம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவள், கணவர் இல்லை. அவர் கட்டிய வீட்டில் இருக்கிறேன். வீட்டு விலை கோடியில் இருக்கிறது என்கிறார்கள், அந்தக் கோடியை நான் கண்ணால் பார்த்ததில்லை. வரி மட்டும் பார்க்கிறேன். என்னை விற்றுவிட்டுப் போகச் சொல்கிறீர்களா?

இல்லை அம்மா. வந்ததிலேயே கனமான கடிதம் உங்களுடையதுதான். வருமான வரி சம்பாதிக்கும்போது வருகிறது, விற்பனை வரி செலவழிக்கும்போது வருகிறது. கையில் காசே புழங்காத நேரத்திலும் கதவைத் தட்டுவது சொத்து வரி ஒன்றுதான். அதனால்தான் அதன் மேல் இவ்வளவு வெறுப்பு.

ஆனால் உங்களைக் காட்டி எல்லாருக்கும் வரியை உறைய வைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை. கலிபோர்னியாவிலும் உங்களைப் போன்ற பெரியவர்களைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினார்கள். அதே சலுகை கம்பெனிக் கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மனிதர் இறந்தால் வீடு கைமாறும், கம்பெனி சாவதில்லை, நிலத்தை விற்பதும் அபூர்வம், ஆகவே பழைய மதிப்பிலேயே பல பத்தாண்டுகள் ஓட்டலாம். பெரிய வணிகச் சொத்துகளை மட்டுமாவது சந்தை விலைக்குக் கொண்டுவரலாம் என்று 2020ல் அங்கே மறுபடி ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள், சொற்ப வித்தியாசத்தில் தோற்றது.

உங்களுக்கு உதவ வேறு வழிகள் இருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது தாண்டியவர் தான் குடியிருக்கும் வீட்டின் வரியை ஒத்திப்போடலாம். அரசே உள்ளாட்சிக்குக் கட்டிவிடும், வீடு விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வட்டியோடு எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1964லேயே இன்னொரு முறை கொண்டுவந்தார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டு வரி ஓர் அளவைத் தாண்டினால், தாண்டியதில் ஒரு பங்கை அரசு திருப்பித் தரும். முதலாவது கடன்தான், யாருக்கும் இனாம் இல்லை. இரண்டாவது வருமானம் குறைந்தவருக்கு மட்டும் போகும். ஒத்திப்போட்டால் பிள்ளைகளுக்கு வருவது குறையும், அவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். உங்கள் வரியை அவர்கள் இப்போதே கட்டினால் அந்தப் பிரச்சினையும் இல்லை.

கேள்வி: சந்தை விலை, வாடகை மதிப்பு என்று ஏன் தலையைச் சுற்றுகிறார்கள்? சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டால் சண்டையே இருக்காதே?

சண்டை குறையும், முழுசாகப் போகாது. இந்தியாவில் நீண்டகாலம் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துத்தான் வரி. அதில் பெரிய சிக்கல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். உண்மையில் எவ்வளவு வாடகை வந்தாலும், கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் மதிப்பிட முடியாது என்று 1970ல் குண்டூர் நகராட்சி வழக்கிலும், பிறகு டெல்லி வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரிதான், ஆனால் நகராட்சிகளின் வசூல் அப்படியே உறைந்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் 2000ல் பெங்களூரும் 2004ல் டெல்லியும் பகுதி, பரப்பு, கட்டட வகை, உபயோகம் என்று பார்த்து வரி போடும் முறைக்கு மாறின. நல்லது என்னவென்றால், உங்கள் வரியை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், அளக்க வருகிறவரின் முகக்குறியைப் பார்த்து நடுங்க வேண்டாம். கெட்டது, ஒரே பகுதிக்குள் மெயின் ரோட்டைப் பார்த்த வீடும் சாக்கடையைப் பார்த்த வீடும் ஒன்றாகிவிடும். அப்புறம் பகுதிக் கோட்டை எங்கே போடுவது என்று புதுச் சண்டை ஆரம்பிக்கும்.

கேள்வி: ஜன்னலுக்கெல்லாம் வரி போட்டார்களாமே, நிஜமா?

நிஜம். இங்கிலாந்தில் 1696லிருந்து 1851 வரை. ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

கேள்வி: மேல்முறையீடு செய்தால் பலன் உண்டா? அலைவதுதான் மிச்சம் என்கிறார்கள்.

பலன் உண்டு, அதுதான் பிரச்சினையே. சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுன்டியில் 2017ல் பத்திரிகையாளர்கள் பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்தபோது, விலை குறைந்த வீடுகளை உண்மை விலையை ஒட்டியோ அதற்கு மேலோ மதிப்பிட்டு, விலை உயர்ந்த வீடுகளைக் குறைத்து மதிப்பிட்டிருப்பது தெரிந்தது. மேல்முறையீடு அதைச் சரிசெய்யவில்லை, இன்னும் மோசமாக்கியது, ஏனென்றால் வக்கீல் வைத்துக் கேட்டவர்கள் பெரும்பாலும் வசதியான பகுதிக்காரர்கள். மொத்த வசூல் இவ்வளவு என்று முன்பே முடிவான இடத்தில் ஒருவருக்குக் குறைத்தால் அது கேட்காதவர் தலையில் போய் உட்காரும். அடுத்த வருஷம், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலேயே அந்த மதிப்பீட்டு அதிகாரி தோற்றுப்போனார், மதிப்பீட்டு அதிகாரியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊர் அது.

நீங்கள் செய்ய வேண்டியது, நோட்டீஸில் விகிதத்தை விட்டுவிட்டு விவரங்களைப் படிப்பது. பரப்பளவு சரியா, குடியிருப்பை வணிகம் என்று போட்டிருக்கிறார்களா, கட்டட வயதுக்கான கழிவு வந்திருக்கிறதா, சொந்தக் குடியிருப்பை வாடகைக்கு விட்டதாக எழுதியிருக்கிறார்களா. "வரி ரொம்ப அதிகம்" என்று மனு எழுதினால் அதற்குப் பதிலே கிடையாது. "1,150 சதுர அடியை 1,510 என்று எழுதியிருக்கிறீர்கள், இதோ வரைபடம்" என்று எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டைப் போன்ற இரண்டு மூன்று வீடுகளின் மதிப்பு கிடைத்தால் சேர்த்து வையுங்கள். மனு கொடுத்த தேதியோடு ரசீது வாங்குங்கள், கெடு தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பிரயோஜனமில்லை. இன்னொன்று, உங்கள் பழைய அளவு குறைவாகப் பதிவாகியிருந்தால் மனு கொடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

கேள்வி: பணக்காரர்கள் இருக்கும் ஊரில் வரி விகிதம் குறைவு, வசதியில்லாத ஊரில் அதிகம். தலைகீழாக அல்லவா இருக்கிறது?

தலைகீழ்தான். அமெரிக்காவில் பள்ளிக்கூடச் செலவில் ஒரு பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்துதான் வருகிறது. அங்கே டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டம், 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி போட்டும் ஒரு மாணவருக்கு 26 டாலர்தான் தேறியது. அதே நகரத்தில் அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான மாவட்டம் 85 சென்ட் வரியில் ஒரு மாணவருக்கு 333 டாலர் எடுத்தது. இது 1967-68 கணக்கு. அதிகம் கட்டுகிறவன் பிள்ளைக்குக் குறைந்த பள்ளிக்கூடம். பெற்றோர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள், 1973ல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார்கள். உள்ளூர் வரி உள்ளூருக்கே என்ற பேச்சு காதுக்கு இனிமைதான், மேலிருந்து மாநிலமோ மத்தியமோ பணம் தந்து சமன் செய்யாவிட்டால் அதன் பலன் இதுதான்.

கேள்வி: எங்களிடம் ஜப்தி மிரட்டல், அரசாங்கக் கட்டடங்கள் மட்டும் கட்டாதா?

மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி கிடையாது, அரசியல் சாசனம் 285வது பிரிவு. செய்யும் வசதிகளுக்குச் சேவைக் கட்டணம் மட்டும் வாங்கலாம் என்று ஏற்பாடு. எதிர்பார்த்த பதில் இல்லை என்று தெரியும்.

கேள்வி: எல்லாரும் சேர்ந்து கட்ட மாட்டோம் என்று உட்கார்ந்தால் என்ன செய்துவிடுவார்கள்?

அயர்லாந்தில் 2012ல் வீட்டுக்கு 100 யூரோ என்று ஒரு கட்டணம் போட்டார்கள். குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே 100. பெரிய எதிர்ப்பு, கெடு முடிந்தபோது கிட்டத்தட்ட பாதி வீடுகள் பதிவே செய்யவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். அடுத்த வருஷமே அரசு வீட்டு மதிப்பை வைத்துப் புது வரி கொண்டுவந்து, வசூலை உள்ளாட்சியிடமிருந்து எடுத்து வருமான வரித் துறையிடம் கொடுத்தது. சம்பளத்திலேயே பிடிக்கலாம் என்ற அதிகாரத்தோடு. கட்டாத பழைய 100 யூரோ 200 ஆனது. தட்டையான கட்டணம் போய் மதிப்புக்கேற்ற வரி வந்ததைப் போராட்டத்தின் வெற்றி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். கட்டாமல் தப்பித்தவர் அதிகம் பேர் இல்லை.

கேள்வி: நான் வாடகைக்கு இருக்கிறேன். இந்தச் சண்டையில் எனக்கு என்ன வேலை?

நிறைய. பிரிட்டனில் கவுன்சில் டாக்ஸைக் குடியிருப்பவர்தான் கட்டுகிறார், பெரும்பாலும் வாடகைதாரரே. ஜெர்மனியில் வீட்டுக்காரர் அதை வாடகையோடு சேர்க்கும் செலவுகளில் எழுதி உங்களிடமே வாங்கிக்கொள்ளலாம். எழுதாத ஊர்களிலும் அடுத்த வாடகை உயர்வுக்கு முதல் காரணமாக வரியைத்தான் சொல்வார்கள். அடுத்த முறை சொல்லும்போது ரசீதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.